எத்தாபோவுக்குப் பொருந்தும் ஊர்

நியாருகுசு அகதி முகாமின் எட்டாம் பகுதியில் வபிவாவிடம் தலை பின்னிக்கொள்ளாமல் எந்தப் பெண்ணும் அமெரிக்காவுக்கு விமானம் ஏறியதில்லை. அங்கே போய் இறங்கினால் தலை பின்ன ஆள் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் ஒரு வாரச் சம்பளத்தைக் கேட்கிறார்கள் என்று முன்னால் போனவர்கள் சொல்லியனுப்பியிருந்தார்கள். அதனால் அங்கே குடியேறப் போகிறவர்களின் பெயரை அறிவிப்புப் பலகையில் ஒட்டிய மறுநாளே பெண்கள் வபிவாவின் மாமரத்தடி பெஞ்சுக்கு வந்துவிடுவார்கள். இரண்டு மாதம் அவிழாதபடி இறுக்கிப் பின்ன வேண்டும். நாலு மணி நேரம் பிடிக்கும். நாலு மணி நேரம் ஒருத்தியின் தலையைக் கையில் வைத்திருந்தால் அவள் எப்படிப்பட்டவள் என்று தெரியாமலா போகும்?

முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: எந்த ஊர் போட்டிருக்கிறார்கள்? பதில் வந்ததும் வபிவா சீப்பைக் கூந்தலில் செருகி நிறுத்துவாள். பிறகு தீர்ப்புச் சொல்வாள். முகாமை விட்டு வெளியே பக்கத்து ஊர் கசுலுவைத் தாண்டிப் போகாதவள்தான். ஆனால் போனவர்கள் எல்லாரும் பக்கத்து வீட்டு அதோஷாவின் போனுக்குக் குரல் செய்தி அனுப்பினார்கள். அந்தப் போன் பாதி நாள் இந்தப் பெஞ்சில்தான் கிடக்கும். ஹூஸ்டனில் சாலையின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போகவே கார் வேண்டும். பஃபலோவில் பனி ஜன்னல்வரை ஏறும். ஃபீனிக்ஸ், உகாலிக் களி கிண்டுகிற பானைக்குள் உட்கார்ந்தது மாதிரி. லூயிவில்லில் நம் பெம்பே இன ஜனங்கள் இரண்டு தேவாலயம் நடத்தி, எந்தப் பாடகர் குழு பெரியது என்று சண்டையும் ஆரம்பித்தாயிற்று. எல்லாம் வபிவாவுக்கு அத்துபடி.

ஓயாமல் குளிர்கிறது என்று முனகுகிறவளுக்கு ஃபீனிக்ஸ் வந்தால், "சரியாப் போட்டிருக்காங்க" என்பாள். ஊர்வம்பு இல்லாமல் சோறு இறங்காத ஒருத்திக்கு, நம்மவர்கள் ஒரு குடும்பம்கூட இல்லாத ஏதோ ஓர் ஊர் வந்தபோது, "பாவம், ஆறு மாசத்துல சுவரோட பேச ஆரம்பிச்சிடுவா" என்றாள். அதோஷாவின் கணவன் சந்தைக்குப் போனால் சண்டையோடுதான் திரும்புவான். அவனுக்கு எந்த ஊர் பொருந்தும் என்று அதோஷா ஒருநாள் கேட்டாள்.

"போலீஸ்காரனுக்கு ஸ்வாஹிலி தெரியாத ஊர்" என்றாள் வபிவா. "இவன் என்ன திட்டினாலும் பாட்டுப் பாடறான்னு நெனச்சுக்குவான்."

இப்படி ஊருக்கெல்லாம் ஊர் சொன்னவள், தன்னைப் பற்றி யோசித்ததில்லை. எங்கே கொண்டுபோய்ப் போட்டாலும் மறுநாளே நாலு பேரைப் பிடித்துவிடும் வாய் அவளுக்கு. அவள் யோசித்ததெல்லாம் தம்பி எத்தாபோவைப் பற்றித்தான்.

எத்தாபோவுக்கு இருபத்தெட்டு வயது. சொந்த நாட்டுச் சண்டைக்குத் தப்பி டாங்கனீகா ஏரியைப் படகில் தாண்டி வந்தபோது அவனுக்கு ஏழு வயது, அவளுக்குப் பதினேழு. அந்தப் படகில் அம்மா அப்பா இல்லை. அன்றைக்கு அக்காவின் துணி நுனியைப் பிடித்தவன் இன்னும் விடவில்லை என்று முகாமில் கேலி செய்வார்கள். அழகாகச் செங்கல் அறுப்பான், வேலிப் படல் கட்டுவான், வாயைத் திறக்கமாட்டான். பக்கத்து வீட்டில் உப்புக் கேட்டு வா என்று அனுப்பினால், அங்கே விருந்தாளி உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு திரும்புவான். எதிரே தெரிந்தவர் வந்தால் நலம் விசாரிக்க வேண்டியிருக்குமே என்று சுற்றுவழியில் போவான். மாவு வாங்கும் வரிசையில் நாற்பதாவது ஆளாகப் போய் நின்றவன், குறுக்கே நுழைந்தவர்களுக்கெல்லாம் வழி விட்டு விட்டு, பொழுது சாயும்போது கடைசி ஆளாகக் கதவைத் தொட்டிருக்கிறான். அதற்குள் மாவு தீர்ந்துபோயிருந்தது. அன்று வபிவா அவனைத் திட்டவில்லை. பைகளைத் தூக்கிக்கொண்டு மறுநாள் தானே போய் நின்றாள். அதிலிருந்து எல்லா வரிசையிலும் அவள்தான்.

அதோஷாவின் போனில் ஒருநாள் பாய்சி என்ற ஊரிலிருந்து செய்தி வந்தது. மலையடிவாரத்துச் சின்ன ஊர். நடுவில் ஆறு ஓடுகிறது. நம்மவர்கள் முப்பது வீடு இருக்கும். செய்தி அனுப்பியவள் குடிபோன மூன்றாம் நாள், எதிர்வீட்டுக் கிழவர் ரொட்டி சுட்டுக் கொண்டுவந்து வாசற்படியில் வைத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் கையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனாராம்.

வபிவா பின்னுவதை நிறுத்திவிட்டு அதை மூன்று தடவை போடச் சொல்லிக் கேட்டாள். பேசாமல் கை ஆட்டுகிற ஊர். இதைவிட என்ன வேண்டும்? எத்தாபோவுக்கு ஊர் கிடைத்துவிட்டது என்று அன்றே முடிவு செய்தாள்.

ஆனால் அக்காவும் தம்பியும் தாளில் இரண்டு குடும்பமாக இருந்தார்கள். அதைச் செய்தவளும் அவள்தான். எத்தாபோவுக்குப் பதினெட்டு முடிந்த வருடம் முகாமில் எல்லாரும் ரேஷன் அட்டை பிரித்துக்கொண்டிருந்தார்கள். எட்டுப் பேர் உள்ள அட்டைக்கும் ஒரு தார்ப்பாய், ஒரு பானை, ஒரு துண்டு நிலம். இரண்டு பேர் உள்ள அட்டைக்கும் அதுவேதான். அப்புறம் யார்தான் பிரிக்கமாட்டார்கள்? வயசு வந்த பையன் தனியாகச் சமைக்கிறான், தனியாகப் படுக்கிறான் என்று சொல்லி ரேஷன் அட்டையை இரண்டாக்கிவிட்டு, வீட்டுக்கு வந்து ஒரே பானையில் உகாலி கிண்டுவார்கள். வபிவாவும் தம்பியை அழைத்துப் போனாள். அதிகாரி கேட்ட மூன்று கேள்விக்கும் அவன் அக்காவின் முகத்தைப் பார்த்துத்தான் தலையாட்டினான். தனியாக வாழ்கிறவன் என்று எழுதிக்கொண்டார்கள். அந்த அட்டைக்குக் கிடைத்த நிலத்தில்தான் மாமரம் இருந்தது. தலை பின்னும் பெஞ்சு அங்கேதான் வந்தது. வபிவாவும் அப்போது கைக்குழந்தையாக இருந்த அவள் மகளும் ஓர் அட்டை, எத்தாபோ ஓர் அட்டை. பத்து வருடம் இதில் நல்லதைத் தவிர ஒன்றும் விளையவில்லை.

அமெரிக்கா போவதற்கான விசாரணைக்குக் கூப்பிட்டபோதும் அவளுக்குப் பயம் வரவில்லை. ஊரை முடிவு செய்வது இங்கே இல்லை, கடலுக்கு அப்பால் என்று எல்லாருக்கும் தெரியும். அங்கே ஒரு மேஜையில் தன்னைப் போல ஒருத்தி உட்கார்ந்து, ஒவ்வொரு கோப்பாகப் படித்து, இவன் கூச்சக்காரன், இவனை இங்கே அனுப்பு, இவள் வாயாடி, இவளை அங்கே அனுப்பு என்று பிரிப்பதாகவே வபிவா நினைத்திருந்தாள். அப்படியானால் கோப்பில் எழுத வேண்டியதை எழுத வைத்துவிட்டால் போதும்.

எத்தாபோவை ஒரு வாரம் தயார் செய்தாள். எல்லாம் கேட்டு முடித்ததும், வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறாயா என்று கேட்பார்கள். அப்போது நான் ஜனங்களோடு பழகக் கூச்சப்படுகிறவன், அக்கா பக்கத்தில் இருந்தால்தான் எனக்கு முடியும், சின்ன ஊர் போதும் என்று சொல்ல வேண்டும். வீட்டில் அவன் ஒரு சொல் பிசகாமல் சொன்னான்.

விசாரணை முடிந்து அவன் வெளியே வந்ததும் கேட்டாள்.

"சொன்னியாடா?"

"கேட்டாங்க அக்கா."

"கேட்டாங்க சரி. நீ என்ன சொன்ன?"

"ஒண்ணும் இல்லன்னேன்."

கூச்சம் உள்ளவன் எனக்குக் கூச்சம் என்று முன்பின் தெரியாத ஆளிடம் எப்படிச் சொல்வான்? இது தனக்கு ஏன் முன்னமே தோன்றவில்லை என்றுதான் அவளுக்கு ஆத்திரம். அவளுடைய விசாரணை மூன்று வாரம் கழித்து வந்தது. அவளுக்கும் அதே கடைசிக் கேள்வியைக் கேட்டார்கள். வபிவா மூச்சுவிடாமல் தம்பியைப் பற்றிச் சொன்னாள். உப்பு கேட்கப் போன கதை, மாவு வரிசைக் கதை, பாய்சியில் ரொட்டி கொடுத்த கிழவர் கதை. மொழிபெயர்ப்பாளர் பொறுமையாகக் கேட்டுவிட்டு அதிகாரியிடம் ஆங்கிலத்தில் ஒரே ஒரு வாக்கியம் சொன்னார். அதிகாரியும் ஒரு வரி எழுதினார். பத்து நிமிடப் பேச்சு எப்படி ஒரு வரியாயிற்று என்று கேட்க அவள் வாயெடுப்பதற்குள் அடுத்த பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். அமெரிக்காவில் உறவினர் உண்டா என்று முன்பே கேட்டிருந்தார்கள். இல்லை என்றாள். அன்றைக்கு அது உண்மைதான்.

தனி ஆட்களின் கோப்பு சீக்கிரம் நகரும். ஒரு செவ்வாய்க்கிழமை பலகையில் எத்தாபோவின் எண் இருந்தது. இன்னும் பதினாறு நாளில் பயணம். ஊர், ஹூஸ்டன்.

பலகையைப் படித்துச் சொன்னவள் அதோஷா. ஹூஸ்டன் யாருக்கு என்று இரண்டாம் தடவை கேட்டாள் வபிவா. பிறகு கூட்டத்தை விலக்கிக்கொண்டு தானே போய் எண்ணின் மேல் விரலை வைத்து, அங்கிருந்து வரியோடு விரலை நகர்த்திப் பார்த்தாள். ஹூஸ்டன்தான்.

அலுவலக ஜன்னலில் உட்கார்ந்திருந்த எழுத்தர் நல்ல மனிதர். கசுலுக்காரர், அவளிடம் எப்போதும் மரியாதையாகப் பேசுவார். அவள் சொன்னதை முழுதாகக் கேட்டார்.

"ஒரே அட்டையில இருந்திருந்தா ஒரே ஊர்தான் வந்திருக்கும், அக்கா" என்றார். "அட்டையைப் பிரிச்சது யாரு?"

"நாங்கதான்."

வபிவா விடாமல் கேட்டாள். ஊரை முடிவு செய்கிறவர்கள் கோப்பைப் படிக்கமாட்டார்களா? ஆள் எப்படிப்பட்டவன் என்று பார்க்கமாட்டார்களா? எந்த ஊரில் எத்தனை வீடு காலி, எங்கே வேலை இருக்கிறது, யாருக்கு ஆஸ்பத்திரி வேண்டும், இவ்வளவுதான் பார்ப்பார்கள் என்றார் எழுத்தர். அவருக்குத் தெரிந்தவரை குணத்துக்கு அந்தத் தாளில் கட்டமே கிடையாது. தம்பி போன பிறகு உங்களையும் அங்கேயே அனுப்பச் சொல்லி எழுதிக் கொடுங்கள் என்று ஒரு தாளை நீட்டினார். எழுதி வாங்கிக்கொண்டு, உங்கள் கோப்பு ஏற்கெனவே கடல் தாண்டிப் போய்விட்டது, இது போய்ச் சேருமா என்று என்னால் சொல்ல முடியாது என்றும் சொன்னார்.

"இப்ப அவன் வேண்டாம்னா?"

"வேண்டாம்னு கையெழுத்துப் போடலாம். கோப்பை மூடிடுவாங்க. மறுபடி திறக்கிறது எங்க கையில இல்ல, அக்கா. நெசமாவே இல்ல."

அன்று மாலை உகாலியும் கீரையும் ஆறிக்கொண்டிருந்தன. வபிவா எல்லாவற்றையும் தம்பியிடம் சொன்னாள். போனால் ஹூஸ்டன், தனியாக. வேண்டாம் என்றால் இங்கேயே, ஒருவேளை வாழ்நாள் முழுக்க. அவளுக்கும் மகளுக்கும் ஊர் வந்து அவர்கள் போய்விட்டால் அப்போதும் தனியாகத்தான். அவன் உகாலியை உருட்டி உருட்டி வைத்துக்கொண்டிருந்தான், வாயில் போடவில்லை.

"நீ சொல்லு அக்கா" என்றான்.

நூறு பேருக்கு ஊர் சொன்னவள் பானையை மூடி வைத்தாள். நாளைக்குச் சொல்கிறேன் என்றாள். மறுநாளும் அதையே சொன்னாள். நடுவில் அவனை மருத்துவப் பரிசோதனைக்குக் கூப்பிட்டார்கள், போனான். அளவெடுத்துக் குளிர்ச்சட்டை கொடுத்தார்கள், வாங்கி வந்தான். வேண்டாம் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லாததால் சரி என்று ஆகிவிட்டது.

விமானம் ஏறும் கிகோமாவுக்குப் பேருந்து கிளம்பிய காலையில் எட்டாம் பகுதியே வந்து நின்றது. பாட்டு, அழுகை, கட்டிப்பிடித்தல் எல்லாம் மற்றவர்களுக்கு. எத்தாபோ யாருக்கும் தொந்தரவில்லாமல் முதல் ஆளாக ஏறி உள்பக்க இருக்கையில் உட்கார்ந்துவிட்டான். வெளியிலிருந்து பார்த்தால் முழங்கையும், மடியில் வைத்திருந்த வெள்ளைப் பையின் ஒரு முனையும்தான் தெரிந்தன. ஜன்னலோரம் இருந்த பெண்ணிடம் வபிவா எந்த ஊர் என்று கேட்டாள். டென்வர் என்றாள் அவள்.

"விமானம் மாறுற வரைக்கும் இவனைப் பக்கத்துலயே வச்சுக்கோம்மா. பசிச்சாலும் கேக்கமாட்டான். நீயா பாத்துக் குடு."

அந்தப் பெண் சரி என்று தலையசைத்தாள். அவளுக்கு இடுப்பிலும் தோளிலுமாக இரண்டு குழந்தைகள்.

முதல் மாதம் அவன் அதோஷாவின் போனில் நாலு தடவை பேசினான். அதாவது அவள் பேசினாள், அவன் ம் கொட்டினான். அவள் துருவித் துருவிக் கேட்டதில் தெரிந்தது இவ்வளவுதான். மூன்றாம் மாடியில் ஓர் அறை. கூட இருக்கிற இரண்டு ஆண்களும் வேறு எங்கிருந்தோ வந்தவர்கள், அவர்கள் பேசுவது இவனுக்குப் புரியாது. அதிகாலையில் ஒரு வேன் வந்து கோழி வெட்டும் ஆலைக்கு அழைத்துப் போகும். காதில் அடைப்பான் வைத்துக்கொண்டு எட்டு மணி நேரம் ஒரே இடத்தில் நிற்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் போகிறாயா என்று கேட்டாள். எங்கே இருக்கிறது என்று தெரியாது என்றான். யாரையாவது கேட்கக் கூடாதா என்று சொல்ல வந்தவள் நிறுத்திக்கொண்டாள்.

"அங்க யாரோட பேசற எத்தாபோ?"

"யாரும் எங்கிட்ட ஒண்ணும் கேக்கறதில்ல அக்கா."

அதை அவன் வருத்தமாகச் சொன்னானா, நிம்மதியாகச் சொன்னானா? அவள் அன்று முழுக்க அதையே யோசித்தாள். யாரும் எதுவும் கேட்காத ஊர்தான் ஒருவேளை அவனுக்குப் பொருந்துமோ, தான்தான் தப்பாகக் கணக்குப் போட்டோமோ என்றுகூடத் தோன்றியது. முகத்தைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். குரலை மட்டும் வைத்து அவனை அளக்க அவள் பழகியதே இல்லை. பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெண் எனக்கு ஒமாஹா போட்டிருக்கிறார்கள், பொருந்துமா என்று கேட்டாள்.

"எனக்கென்ன தெரியும்மா" என்றாள் வபிவா. அந்தப் பெண் அது ஏதோ கேலி என்று நினைத்துச் சிரித்தாள்.

அதன் பிறகு இரண்டு முறை அவன் போன் அணைந்திருந்தது. மூன்றாம் முறை கிடைத்தபோது குரல் கம்மியிருந்தது. காய்ச்சல் என்றான். எத்தனை நாளாக என்றாள். ஒன்பது நாள். வேலைக்குப் போகவில்லை. வரவில்லை என்று எப்படிச் சொல்வது என்று தெரியாததால் சொல்லவும் இல்லை. இப்போது வேன் வருவதில்லை.

அந்த வெள்ளிக்கிழமை பலகையில் வபிவாவின் எண் வந்தது. அவளும் மகளும், ஐந்து வாரத்தில். ஊர், பாய்சி.

அதோஷா அவளைக் கட்டிக்கொண்டாள். சுற்றியிருந்தவர்கள் அதிர்ஷ்டக்காரி என்றார்கள். வபிவா அலுவலக ஜன்னலுக்கு ஓடினாள். தான் எழுதிக் கொடுத்த தாள் போய்ச் சேர்ந்ததா என்று எழுத்தரிடம் கேட்டாள். அவர் தேடிப் பார்த்தார். தாள் தட்டில் இல்லை, அனுப்பியாயிற்று என்று மட்டும் தெரிந்தது. அங்கே போன பிறகு யாரும் எங்கேயும் போகலாம், தடுக்கமாட்டார்கள், தம்பியை உங்கள் ஊருக்கு வரச் சொல்லுங்கள், பேருந்து இருக்கிறது என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். உண்மையும் அதுதான்.

பயணம் போகிறவர்களுக்கு மூன்று நாள் வகுப்பு உண்டு. அடுப்பைப் பற்றவைப்பது எப்படி, பனியில் நடப்பது எப்படி என்று சொல்லிக் கொடுப்பார்கள். சுவரில் அமெரிக்காவின் வரைபடம் தொங்கும். வபிவா முதல் நாளே ஹூஸ்டனிலிருந்து பாய்சிக்குப் பேருந்தில் எப்படி வருவது என்று ஆசிரியரைக் கேட்டாள். அவர் போனில் பார்த்துச் சொன்னார்: இரண்டு நாள், மூன்று இடத்தில் வண்டி மாற வேண்டும். டிக்கெட் கொடுக்கும் இடத்தில் என்ன சொல்ல வேண்டும் என்றாள். அவர் ஓர் ஆங்கில வாக்கியம் சொன்னார். பாய்சிக்கு ஒரு டிக்கெட் வேண்டும் என்று அர்த்தம். வபிவா அதை வகுப்பு முடியும்வரை உதட்டுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தாள். வீட்டுக்குப் போகும் வழியில் யார் நிறுத்திப் பேசினாலும் நிற்கவில்லை. பேசினால் மறந்துவிடும்.

அதோஷாவின் போனை வாங்கி எத்தாபோவைக் கூப்பிட்டாள். காய்ச்சல் விட்டிருந்தது. பாய்சி வந்திருப்பதைச் சொன்னாள். "நல்ல ஊரு அக்கா" என்றான் அவன்.

"நீயும் வரணும். நான் போய் எறங்கின மறுநாளே நீ கெளம்பணும். இப்பச் சொல்றதக் கவனமாக் கேளு."

வாக்கியத்தைச் சொன்னாள். அவன் திருப்பிச் சொன்னான். ஒரு சொல் தவறியது, மறுபடி சொன்னாள். நாலாவது தடவை அவன் சரியாகச் சொன்னான். அவளைவிடத் தெளிவாகவே சொன்னான். இன்னொரு தடவை என்றாள். சொன்னான்.

"அவ்வளவுதான்டா. அதச் சொன்னாப் போதும். குடுத்துடுவாங்க."

"சரி அக்கா."

போனை வைத்துவிடுவான் என்று நினைத்தாள். வைக்கவில்லை.

"அக்கா" என்றான். "நான் இதச் சொன்னதும் அவங்க திருப்பி ஏதாவது கேட்டா?"

வபிவா போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுக்கும் அந்த மொழியில் அந்த ஒரு வாக்கியம்தான் தெரியும்.